உங்கள் கொக்கரக்கோ சபாபதி பேசுகிறேன்

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. அந்த ஆளு துண்டு போட்டு எடம் பிடிச்சிருந்தாரு, வாஸ்தவந்தான். நான்தான் கண்டக்டர் மாதிரி, "யாருப்பா துண்டு, பின்னால நிக்கிற வண்டிதான் முன்னால போவுது, அதுல ஏறு"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன். எறங்கி ஓடிட்டாரு. துண்டக்கூட எடுக்கல பாருங்க. நெசமான கண்டக்டரு அந்தா பெட்டிக்கடையில சோடா குடிச்சிட்டு நிக்காரு. அவருக்கே தெரியாது.

எங்க, கோயில்பட்டியா? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன், கரிசல்பேட்டை. கொக்கரக்கோ சபாபதி அண்ணாச்சி ஊரு. கொக்கரக்கோ விளம்பர நிலையம், தெரியாதா? இந்தப் பக்கம் எந்தச் சொவத்துல விளம்பரம் எழுதியிருந்தாலும் கீழ மூலையில ஒரு சேவல் நிக்கும், செவத்த கொண்டையோட. அது எங்க சேவல்.

என்னது? அவரு செத்துப்போனாரே, அவரான்னு கேக்கீகளா? அவரேதான். நல்லா இருக்காரு. இன்னைக்குக் காலைலகூட ஆறு இட்லி சாப்பிட்டாரு. செத்தது அவரு இல்ல சார். நான்.

நான்னா, என் குரலு. வண்டி எடுத்துட்டான், வசதியா சாஞ்சுக்கிடுங்க, மொதல்லருந்து சொல்லுதேன்.

முப்பது வருசத்துக்கு முந்தி அண்ணாச்சிகிட்ட இருந்தது ஒரு சைக்கிளு, ஒரு பேட்டரி, ஒரு கொழா ஸ்பீக்கரு. சினிமா, ஜவுளிக்கட, சீட்டுக் கம்பெனி, எல்லாத்துக்கும் அவரே மிதிச்சுக்கிட்டு அவரே பேசுவாரு. யோசனையில ராசா. குரலுதான், எப்படிச் சொல்ல, ஈரத் தரையில புது ரப்பர் செருப்பு போட்டு நடந்தா கீச்சுன்னு ஒண்ணு வரும்லா, அது. "வாங்க வாங்க, தீவாளித் தள்ளுபடி"ன்னு அவரு கூப்பிட்டா, சேல எடுக்க வந்தவகூட வீட்ல பிள்ள அழுதோன்னு திரும்பிப் போயிருவா.

நான் அப்ப பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிக்கா விக்கேன். டிரைவரு, போலீஸ்காரரு, பால்காரரு பொஞ்சாதி, எல்லாரு மாதிரியும் பேசுவேன். ஒருநாளு அண்ணாச்சி மாதிரி பேசிக்கிட்டிருக்கேன், கூட்டம் சிரிக்கு, திடீர்னு சிரிப்பு நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா அண்ணாச்சி சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. வெள்ளரிக்காக் கூடை போச்சுன்னு நெனச்சேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சரக்கு சரியாத்தான் இருக்கு. பாக்கெட்ட மட்டும் பெருசாக்கு"ன்னாரு.

அவரு இழுக்க இழுப்பு, நிறுத்துத நிறுத்து, எல்லாம் அப்படியே. ஆனா அடிவயித்துலருந்து. கெணத்துக்குள்ள எறங்கி நின்னு பேசுன மாதிரி. கேக்கீகளா?

"வணக்கம். உங்கள் கொக்கரக்கோ சபாபதி பேசுகிறேன்."

பாத்தீகளா, முன் சீட்டுல தூங்குனவரு முழிச்சிட்டாரு. நீங்க தூங்குங்க அண்ணாச்சி, சும்மா விளம்பரந்தான்.

அன்னைக்குப் பிடிச்சது. பழைய கீச்சு என்னாச்சுன்னு கேட்டவுககிட்ட, பனங்கல்கண்டு சாப்பிட்டுக் குரலு தெறந்துருச்சுன்னு சொல்லிட்டோம். சைக்கிளு ஆட்டோ ஆச்சு, ஆட்டோ கம்பெனி ஆச்சு, சொவரு எல்லாம் சேவல் ஆச்சு. அந்தக் குரலு அவரோடதில்ல, என்னோடதுன்னு அவரு வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஆட்டோ ஓட்டுத சூசைக்குந்தான் தெரியும். வெளிய அண்ணாச்சி பேசவே மாட்டாரு. கழுத்துல மப்ளரு, வாயில பனங்கல்கண்டு. கேட்டா தொண்டை கட்டு. முப்பது வருசத் தொண்டைக் கட்டு சார், ஒரு டாக்டரும் சந்தேகப்படல. "அவருக்குக் குரலுதான் மொதலு, சும்மா செலவழிப்பாரா"ன்னு ஊரே சொல்லிக்கிடும். அப்ப மொதலு யாரு? நான் சொல்லல. கணக்குப் போட்டுப் பாத்துக்கிடுங்க.

பெறகு நகர நல மன்றத்துக்கு அவர தலைவராக்குனாக. அதுலயும் விளம்பர மூளதான். எங்க தெற்குத் தெருவுல ஒரு பள்ளம். மனு குடுத்து மனு குடுத்து கை ஓஞ்சுபோச்சு. அண்ணாச்சி ஒரு பிளெக்ஸ் அடிச்சாரு. பள்ளத்துப் போட்டோவுக்குக் கண்ணாடி மாட்டி, மேல "முதலாம் ஆண்டு பிறந்தநாள் காணும் எங்கள் பள்ளமே, பல்லாண்டு வாழ்க." கீழ வாழ்த்துவோர்னு தெருக்காரங்க மூஞ்சி எல்லாம் வட்ட வட்டமா. கேக்கும் வெட்டுனோம். என் குரல்ல வாழ்த்துச் செய்தி. அந்த வாரமே தார் வந்துருச்சு. எரியாத தெருவிளக்குக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுனாரு, மாலை போட்டாரு, பதினாறாம் நாளுக்குள்ள எரிஞ்சுச்சு. அப்படிப்பட்ட மனுசன்.

அவரால அசைக்க முடியாத ஒண்ணே ஒண்ணு பஸ் ஸ்டாண்டு கக்கூஸ். சிரிக்காதீக. பொம்பளைகளுக்குன்னு தனியா கட்டி, ஓடு பதிச்சு, தண்ணித் தொட்டி வச்சு, பூட்டிப் போட்டிருந்தாக. ஏன்னா தெறக்கப் பெரிய ஆளு வரணுமாம். அவருக்குத் தேதி கெடைக்கல. தேதி கெடைச்சா மழ. மழ விட்டா தேர்தல். ஒரு வருசம் ஓடிருச்சு. பூக்கட்டுத சண்முகத்தாயும் மத்த வியாபாரப் பொம்பளைகளும் அந்தப் பூட்டப் பாத்துக்கிட்டே, ஒருத்திக்கு ஒருத்தி தொணையா குடோனுக்குப் பின்னால முள்ளுக்காட்டுக்குப் போயிட்டு வருவாக.

சண்முகத்தாய் நேரா வந்து கேட்டுட்டா. "அண்ணாச்சி, பள்ளத்துக்குப் பொறந்தநாளு கொண்டாடுனீக. எங்களுக்கு என்னத்தக் கொண்டாடப் போறீக?" பொங்கலுக்குள்ள தெறந்துருவோம்னு அண்ணாச்சி வாக்குக் குடுத்துட்டாரு. பொங்கலும் வந்துக்கிட்டிருக்கு. பூட்டு அசையல. மனுசன் சோறு திங்கல.

இது இப்படி இருக்கட்டும். இதுக்குக் கொஞ்சம் முந்தி ஊர்ல ஒரு பெரியவரு எறந்துபோனாரு. அறிவிப்ப எங்க போட்டிக் கம்பெனிக்காரன் போட்டான். துக்கச் செய்தி ஓடுது, பின்னால முந்துன நாளு கோழிக்கட விளம்பரத்துக்குப் போட்ட மியூசிக்கு. கெக்கெக்கேன்னு கோழிச் சத்தத்தோட. அண்ணாச்சி என்ன ரூமுக்குள்ள கூப்பிட்டாரு.

"செண்பகராஜ், சாவுங்கறது ஒரே தடவ வெளியாவுற விளம்பரம். தப்பு வந்தா மறு வெளியீடு கெடையாது. என்னோடத இப்பமே பதிஞ்சு வச்சிருவோம். என் குரல்லயே."

செத்தவரு எப்படி அண்ணாச்சி பேசுவாருன்னு கேட்டேன். அதாம்லே விளம்பரம்னாரு. பதிஞ்சோம். மொதத் தடவ பழக்கதோசத்துல "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு வந்துருச்சு, அழிச்சிட்டு மறுபடியும். கேளுங்க, மெதுவாச் சொல்லுதேன், அவரு தூங்கட்டும்.

"வணக்கம். உங்கள் கொக்கரக்கோ சபாபதி பேசுகிறேன். நான் இன்று காலமாகிவிட்டேன். இதுநாள்வரை நீங்கள் அளித்த நல்லாதரவுக்கு நன்றி. இறுதி ஊர்வலத்துக்கு வருவோர் மார்க்கெட் வளைவில் மூடாத சாக்கடையைப் பார்த்து வரவும். சாக்கடை குறித்த புகார்களை நகராட்சிக்குத் தெரிவிக்கவும்."

எனக்கே மயிர்க்கூச்செடுத்துச்சு. பென்டிரைவ்ல ஏத்தி, அடையாளத்துக்குக் கறுப்புக் கயிறு கட்டி என் மேசையில வச்சேன்.

பெறகுதான் கோமதிப்ரியா வந்தா. அண்ணாச்சி மக. சென்னையில கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள. தங்கமான பிள்ள, ஒரு கொற சொல்லமாட்டேன். "மாமா, இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்"னு பெட்டியத் தெறந்தா. ஒரு தட்டு தட்டுனா. "வணக்கம். உங்கள் கொக்கரக்கோ சபாபதி பேசுகிறேன்"னு அது பேசுது சார். நான் என் வாயத் தொட்டுப் பாத்தேன். மூடித்தான் இருந்துச்சு.

"ஒங்க பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் குடுத்தேன் மாமா, அதுவே கத்துக்கிட்டுச்சு. தை மாசத்துலருந்து நீங்க தொண்டையப் போட்டு வருத்த வேண்டாம். மேற்பார்வை மட்டும் பாத்துக்கிடுங்க"ன்னா. அண்ணாச்சி பச்சப்பிள்ள மாதிரி திரும்பத் திரும்பத் தட்டித் தட்டிக் கேக்காரு. என்னப் பாத்து, "அச்சு அசல் நம்ம குரலுடா"ங்காரு. நம்ம குரலு.

எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. வழியில பாத்த மனுசன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது. அன்னைக்கு நான் சாப்பிடலதான், அது வயிறு சரியில்லாம. மேற்பார்வைன்னா என்னன்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். "மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கது"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாளு காலைல சூசைக்குப் பென்டிரைவ் எடுத்துக் குடுத்தது நான். எப்பவும் நான்தான் குடுக்கது. அன்னைக்கு ஓட வேண்டியது ஒரு மீன்கட தொறப்பு. மேசையில ரெண்டு பென்டிரைவ், ரெண்டும் ஒண்ணுபோல. கறுப்புக் கயிறு இருக்கே, அப்பறம் என்ன கொழப்பம்பீக. அந்தக் கயிறு அன்னைக்குன்னு பாத்து எப்படியோ அவுந்து என் சட்டப் பையில கெடந்துச்சு. கயிறுன்னா அவுறத்தான செய்யும்? சூசைதான் ஒரு வார்த்த போட்டுக் கேட்டுட்டு வண்டிய எடுத்திருக்கணும். கொழாக்குக் கீழயே உக்காந்து ஓட்டுதவன், காதுல பஞ்ச அடைச்சிக்கிட்டுப் போறான். இப்ப உள்ள டிரைவர்மாருக்கு எதுலயும் கவனம் இல்ல சார்.

நான் தேரடிக்கு டீ குடிக்கப் போயிட்டேன். வழக்கமா ஆபீஸ் வாசல்லதான் குடிக்கது, அன்னைக்கு ஒரு மாறுதலுக்கு. ஊரு என்ன சொல்லப்போவுதுன்னு பாக்க உக்காந்திருந்தேன்னு நெனச்சிராதீக. நல்ல எடமா, ரோட்டப் பாக்க ஒரு பெஞ்சு கெடந்துச்சு, உக்காந்தேன்.

ஆட்டோ திரும்புது. "நான் இன்று காலமாகிவிட்டேன்." டீ மாஸ்டரு ஆத்துன டீ கிளாசுக்குள்ள விழல, அவரு கால்ல விழுந்துச்சு. அவருக்குச் சுடவே இல்ல. சைக்கிள்ல போனவன் எறங்கிட்டான். ஜவுளிக்கட ஷட்டரு பாதியில நின்னுச்சு. நல்லாதரவுக்கு நன்றின்னதும் எல்லாரும் ஆட்டோவப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுதாக. சூசையும் என்னமோ கோயில் ஊர்வலம்னு நெனச்சு அவனும் கும்பிட்டுக்கிட்டே போறான்.

சண்முகத்தாய் மடியில இருந்த பூவ அப்படியே ரோட்டுல போட்டுட்டு நெஞ்சுல அடிச்சா. "அந்தக் கொரல இனி எந்தக் காலத்துல கேக்கப்போறோம்"ன்னு அழுதா. நீங்க இதக் கவனிக்கணும். மூளைன்னு சொல்லல. பள்ளம்னு சொல்லல. கொரலு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். இன்னொரு டீ சொன்னேன்.

பெறகு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடுனேன். கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுனேன். வழியெல்லாம் அழுதாகளே, கேக்க வேண்டாமா.

அங்க அண்ணாச்சி இட்லியக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. ஆட்டோ அவரு வீட்டு வாசல் வழியாவும் போயிருக்கு. போன் அடிக்கு. கோமதிப்ரியா எடுத்தா. நகராட்சியில பெரிய எடம். அந்தப் பக்கம் விம்மல். அண்ணாச்சி உயிரோட இருந்தப்ப அவரு கோரிக்கைய நிறைவேத்த முடியாத பாவி ஆயிட்டோம், அதுக்குப் பரிகாரமா இன்னைக்கு நாலு மணிக்கே கழிப்பறையத் தெறந்து அவரு பேரையே வைக்கப்போறோம்னு. பெரிய ஆளுகிட்ட தேதி வாங்கலையான்னு பிள்ள வெள்ளந்தியா கேட்டா. "சாவுக்குத் தேதி பாக்க முடியுமாம்மா?"ன்னாக.

பிள்ள, "இல்ல சார், அப்பா இங்கதான்..."னு ஆரம்பிச்சா. அண்ணாச்சி பாஞ்சு வந்து போன இட்லிக் கையால பொத்துனாரு.

"கோமதி, நாலு மணி வரைக்கும் நான் செத்திருக்கேன்"ன்னாரு.

பெறகு என்ன, உடம்பு மதுரைலருந்து வந்துக்கிட்டிருக்குன்னு வாசல்ல சொல்லி வச்சோம். நானும் அவரும் ரெக்கார்டிங் ரூமுல கதவச் சாத்திக்கிட்டு இருந்தோம். சத்தம் வெளிய போவாத ரூமு. அவரு அங்ஙன இருந்துக்கிட்டே தன்னோட அஞ்சலிப் போஸ்டருக்கு நல்ல போட்டோவா எடுத்து வெளிய அனுப்புனாரு. நடுவுல என்னையே பாத்தாரு.

"கயிறு எங்கலே?"

"எந்தக் கயிறு அண்ணாச்சி?"

"ஒன் சட்டப் பையில தொங்குதே, அது."

அவுந்துபோச்சு அண்ணாச்சின்னேன். அவரு அந்தக் கயிற உருவி எடுத்துப் பாத்தாரு. பெறகு அந்தக் கீச்சுக் குரல்ல சிரிச்சாரு. "இந்தக் கம்பெனியில வந்ததுலயே நல்ல விளம்பரம் இதுதாம்டா"ன்னாரு. எதச் சொன்னாருன்னு எனக்கு இன்னைய வரைக்கும் வெளங்கல.

நாலு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுல ஊரே நிக்கு. புதுப் போர்டு, பெயிண்டு காயல: "கொக்கரக்கோ சபாபதி நினைவு மகளிர் கழிப்பறை." ஒரு நிமிசம் மௌனம். சாவியத் தேடுனா யாருகிட்ட இருக்குன்னே தெரியல, கல்லெடுத்துப் பூட்ட ஒடைச்சாக. சண்முகத்தாய்தான் மொதல்ல உள்ள போனா. முந்தானையில கையத் தொடைச்சுக்கிட்டு வெளிய வந்து, வானத்தப் பாத்து, "அண்ணாச்சி, தண்ணி வருது"ன்னா பாருங்க. தெரை போட்ட கம்பெனி வேனுக்குள்ள என் பக்கத்துல ஒளிஞ்சு உக்காந்திருந்த அண்ணாச்சி மப்ளர அவுத்தாரு. எறங்கிப் போயி மைக்கப் பிடிச்சாரு.

"அழாதீங்க. நான் சாகல. நான்தான் சபாபதி."

கீச்சுன்னு. முப்பது வருசத்துல மொதத் தடவ, சொந்தச் சரக்கு, பாக்கெட்டு இல்லாம.

ஒரு பயலும் நம்பல. பின்னாலருந்து ஒருத்தன், "எவம்லே அது, துக்க வீட்ல அண்ணாச்சி மாதிரி பேசுதது, அதையும் உருப்படியாப் பேசத் தெரியல"ன்னு கத்துதான். சண்முகத்தாய்தான் கிட்ட வந்து அவரு கையப் பிடிச்சுப் பாத்தா, காலப் பாத்தா. பெறகு கூட்டத்தப் பாத்துச் சொன்னா: "அண்ணாச்சிதான். உசுரு திரும்பிருச்சு. கொரலத்தான் மேல பிடிச்சு வச்சுக்கிட்டாக."

அவ்வளவுதான். ஊரு அத நம்பிருச்சு. நகராட்சிக்காரங்க மூஞ்சி சுண்டிப்போச்சு, ஆனா பூட்டு ஒடைஞ்சாச்சு, உள்ளாற வரிச நிக்கு, என்ன செய்ய முடியும்? "நினைவு"ங்கறத மட்டும் அழிச்சிருவோம்னாக. அண்ணாச்சி விடல. "இருக்கட்டும்யா, என்னைக்காவது வேணும்லா"ன்னாரு. இன்னும் அப்படியேதான் இருக்கு. நாளைக்கு நீங்க வந்தா காட்டுதேன். ஆம்பளைக வெளியில நின்னு போர்டு மட்டும் பாக்கலாம்.

பொங்கல் கழிச்சு மீன்கடக்காரன் வந்தான். கோமதிப்ரியா கம்ப்யூட்டரத் தட்டி விட்டா. "வணக்கம். உங்கள் கொக்கரக்கோ சபாபதி"ன்னு ஆட்டோ தெருவுக்குள்ள நொழையவும், பிள்ளைகள வீட்டுக்குள்ள இழுத்துக் கதவச் சாத்துதாக. ஒரு கெழவரு, "என்னையும் கூப்பிட வந்துட்டானா"ன்னு படுத்துட்டாரு. செத்தவரு கூப்பிட்டு எவன் சார் மீன் வாங்குவான்? மிசின மூடி வச்சிட்டா. பாவம் பிள்ள, அவ்வளவு படிச்சு. எனக்கு மனசே கேக்கல.

என் குரலு எங்கன்னு கேக்கீகளா? அதான் மேல பிடிச்சு வச்சுக்கிட்டாகளே. நான் வாயத் தெறந்து பேசுனாலும் பேய்தான்.

இதுல கொடும என்னன்னா, அண்ணாச்சி இப்ப பேச ஆரம்பிச்சிட்டாரு. கல்யாண வீடு, கவுன்சில் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, விடமாட்டேங்காரு. அந்தக் கீச்சுல. பாவமா இருக்கும் சார். கூட்டம் மொத்தமும் பேச்ச நிப்பாட்டிட்டு, முன்னால சாஞ்சு, காதுக்குக் கை வச்சுக் கேக்க வேண்டியிருக்கு. என் காலத்துல வீட்ல படுத்துக்கிட்டே கேக்கலாம். யாரும் வாய மூடணும்னே அவசியம் இல்ல.

போன வாரம் கூப்பிட்டு விட்டாரு. "செண்பகராஜ், மிசினு வேண்டாம். இனிமே ஒன் பேரச் சொல்லு. 'உங்கள் செண்பகராஜ் பேசுகிறேன்.' ஒன் சொந்தக் குரல்ல பேசு. கம்பெனிக்கு இனி அதுதான் குரலு"ன்னாரு. நியாயந்தான? நான் எதிர்பாத்ததுதான. மைக்கு முன்னால உக்காந்தேன். "வணக்கம். உங்கள் செண்பகராஜ்"னேன். போட்டுக் கேட்டா எங்க எட்டாங்கிளாஸ் வாத்தியாரு. மறுபடி பேசுனேன், சூசை. தொண்டையக் கனச்சிட்டுப் பேசுனேன், என் மாமனாரு. வீட்டுக்காரி கேட்டுட்டு, "எங்க அப்பா போயி நாலு வருசமாச்சு, ஏன் இப்படிப் பண்ணுதீக"ன்னு அழுதுட்டா. தூக்கத்துல பேசுவேன்லா, அது யாரு மாதிரின்னு அவகிட்டயே கேட்டேன். "தள்ளுபடி விளம்பரம்லா பேசுவீக"ன்னா.

அதுக்குத்தான் இன்னைக்குத் திருநெல்வேலியில தொண்ட டாக்டரப் பாத்துட்டு வாரேன். லைட்ட அடிச்சு, "ஆ சொல்லுங்க"ன்னாரு. யாரு மாதிரி சார்னு கேட்டேன். வெளிய உக்காருங்கன்னுட்டாரு.

நாளைக்குக் காலைல பதிஞ்சாவணும். ஊரு வேற வந்துருச்சு, அந்தா சொவத்துல சேவலு. சார், ஒரு ஒத்தாச. ஏறுனதுலருந்து பேசிக்கிட்டே வாரேன்லா, நடுநடுவுல மத்தவக மாதிரி பேசுனத விட்டுருங்க. மிச்சம் பேசுனது யாரு மாதிரி இருந்துச்சு? யோசிச்சுச் சொல்லுங்க.

என்னது?

யாரு மாதிரியும் இல்லையா?

நெசமாவா? இன்னொருக்கச் சொல்லுங்க. ம். "யாரு மாதிரியும் இல்லைங்களே." மூக்கால கொஞ்சம் தள்ளி, கடைசியில ஒரு சின்ன இழுப்பு. "இல்லைங்களே." சரியா வந்துச்சா? ஒங்க குரலு சார். பாத்தீகளா, அதுக்குள்ள பிடிச்சிட்டேன். நல்ல குரலு, நாளைக்கு இதுலயே பதிஞ்சிருதேன், யாருக்கும் தெரியாது.

சும்மா சொன்னேன், மொறைக்காதீக. என் ஸ்டாப்பு வந்துருச்சு. இவன் இங்ஙன நிப்பாட்டமாட்டான், கண்டக்டரும் பின்னால உக்காந்து தூங்குதாரு. கொஞ்சம் காலத் தள்ளி வைங்க.

"கரிசல்பேட்டை எறக்கம், ஓல்டான்..."

பாத்தீகளா, நின்னுட்டான்.